நான்காவது மூலை

செவ்வகம் ஒன்று போட்டு
அதற்குள் ‘விண்ணப்பம்’ என்று தட்டினேன்.
‘ம்’ மட்டும் கோட்டுக்கு வெளியே போய் நின்றது.
மூலையைப் பிடித்து இழுத்தேன்.
தமிழுக்கு எப்போதும் கொஞ்சம் கூட இடம் வேண்டும்.
சிங்களத்துக்கும் அப்படித்தான் என்றாள்
பக்கத்து மேசை ருவனி, கொட்டாவியோடு.

காணிக் கிளைச் சுவரில் ஒட்ட ஒரு வரைபடம்.
சனம் வந்து சும்மா சும்மா கேள்வி கேட்கக்கூடாது,
அம்பைப் பார்த்து அம்பின் வழியே போகவேண்டும்.
நஸ்றுதீன் சேர் சொன்னது அவ்வளவுதான்.
திங்கட்கிழமைக்குள்.

கிராம சேவகரை இடப்பக்கம் தள்ளினேன்.
நில அளவையாளரை அவருக்குக் கீழே இறக்கினேன்.
பிரதேச செயலாளரைப் பிரதி எடுத்தபோது
இரண்டு பேர் வந்துவிட்டார்கள்,
ஒருவரை அழித்தேன்.
ஏழு வருஷ உத்தியோகத்தில்
இவ்வளவு அதிகாரம் எனக்குக் கிடைத்ததில்லை.

பெட்டியின் விளிம்பில் சரியாகத் தொட்டால்
அம்பு பசைபோல ஒட்டிக்கொள்ளும்.
பிறகு பெட்டியை எங்கே இழுத்தாலும்
வளைந்து நெளிந்து கூடவே வரும்.
ஒட்டாத அம்பு மட்டும்
எல்லாரும் இடம்பெயர்ந்த பிறகும்
பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நிற்கும்.
இரண்டு இருந்தன அப்படி.
தேடிப்பிடித்து ஒட்டினேன்.

முதல் பிரதியை ஜன்னலோரம் வைத்திருந்தேன்.
கச்சேரிப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்
வலது ஓரத்தைத் தின்றுவிட்டுப் போனது.
இந்த ஊர் மான்களுக்கு
ஏ-நான்கு தாள் என்றால் உயிர்.

வெள்ளிக்கிழமை, மூதூர் லோஞ்சில் வந்து
செருப்பில் கடல் ஈரம் காயாமல்
என் கதிரைக்குப் பின்னால் நின்றா தவமலர்.
குடை நுனியால் திரையைத் தொட்டா.
“இதில நான் எங்க நிக்கிறன், தங்கச்சி?”

சாய்சதுரத்தைக் காட்டினேன்.
உறுதி உண்டா?
வலது மூலையில் ‘ஆம்’.
இடது மூலையில் ‘இல்லை’.

“இருந்தது,” எண்டா.

அப்ப இல்லைதானே, அக்கா.

“இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? இருந்தது.
அஞ்சு தரம் ஓடினனாங்கள்.
நாலாம் தரம் வரைக்கும் இருந்தது,
பொலித்தீன் பையுக்குள்ள,
பெடியன்ர ஊசிபோட்ட மட்டையோட.”

மவுஸ் கையிலேயே இருந்தது.
சாய்சதுரத்துக்கு நாலு மூலை.
மேல் மூலையால் கேள்வி உள்ளே வருகிறது,
பக்கத்து இரண்டாலும் பதில் போகிறது.
கீழ் மூலையில்
அம்பு ஒட்டுவதற்கான சின்னப் புள்ளி
நான் கிட்டப் போகும்போதெல்லாம் பச்சையாகியது.

இழுத்தேன். அதன்மேல் எழுதினேன்: இருந்தது.

அம்பு என்றால் எங்கேயாவது போய்ச் சேரவேண்டும்.
வேற என்ன இருக்கு அக்கா, காட்டுறதுக்கு?

யோசிச்சா.
“கிணறு இருக்கு. பன்னிரண்டு வளையம்.
மேலயிருந்து ரெண்டாவதில
சீமெந்து காயமுதல் அவர் ஆணியால பேர் கீறினவர்.
‘கு’வன்னாவைப் பிழையாக் கீறினவர்.”

புதுப் பெட்டி. உள்ளே:
கிணற்றைப் போய்ப் பார்க்கவும்.
எழுத்து வெளியே நிற்காமல் இருக்க
மூன்று தரம் அகட்டினேன்.

திங்கட்கிழமை சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி போட்டுப் பார்த்தார்.
சுற்றுநிருபத்தில் இப்படி ஒரு பெட்டி இல்லை என்றார்.
அழிக்கச் சொல்லவில்லை.
தானே மவுஸை வாங்கி
வலப்பொத்தானை அழுத்தி
‘பின்னால் அனுப்பு’ என்பதைத் தெரிந்தார்.
அரச இலச்சினை இருந்த பெரிய வெள்ளைப் பெட்டியை
அதன் மேலே நகர்த்தி வைத்தார்.
பிறகு தேத்தண்ணி குடிக்கப் போனார்.

இப்போது சுவரில் இருக்கிறது.
சாய்சதுரத்தின் கீழ் மூலையிலிருந்து
பெயரோடு ஓர் அம்பு புறப்பட்டு
அரை விரற்கடை போய்
இலச்சினைக்கு அடியில் நுழைந்துவிடுகிறது.

வரிசையில் நிற்கிற சனம்
வேறொன்றும் கேட்பதில்லை.
விரலை அதில் வைத்து,
இது எங்க போகுது எண்டு
அதைத்தான் கேட்குது.