இன்னாத்துக்கு லைட்டு

விடியாத நாலு மணி, காசிமேடு.
ஏலக்கூடையில் வஞ்சிரம்.
பொத்தானை அழுத்தினேன்.
ஐஸும் செதிலும் ஒன்றாய்ப் பற்றி
திரை முழுக்கச் சுண்ணாம்பு.
மீனே இல்லை.

உச்சி வெயிலில்தான் உதவியது,
சொன்னால் நம்பமாட்டார்கள்.
தொப்பி நிழலில் கறுத்துக் கிடந்த
எத்திராஜின் கண்களை
வெளியே எடுத்துக் கொடுத்தது ஃப்ளாஷ்.
"பட்டப்பகல்ல இன்னாத்துக்குடா லைட்டு?"
கேட்டுக்கொண்டே சிரித்தான், மாவா கறைப் பல்.

அந்தப் படத்தைத்தான் பேனருக்கு வாங்கிப்போனார்கள்.

ராத்திரி, சிங்காரத்தோட்டம்.
ஐஸ் பெட்டிமேல் குனிந்தேன்.
கண்ணாடி வெளிச்சத்தை அப்படியே திருப்பி எறிந்தது:
அவன் முகம் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு வெள்ளை ஓட்டை,
ஓரத்தில் என் விரல்கள்.

அணைத்தேன்.
சந்தில் கட்டியிருந்த டியூப்லைட் போதுமென்று
கரண்ட் கம்பத்தில் தோளைச் சாய்த்து
மூச்சைப் பிடித்து, மெல்ல.

மாரில் அறைந்துகொள்ளும் தேவகி,
மாலையோடு முண்டும் சங்கத்துக்காரர்கள்,
பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சின்னவன்
எல்லாரும் புகை.
அவன் மட்டும் துல்லியம்.
மீசையில் ஒட்டிய சாமந்தி இதழின்
நரம்புகூடத் தெரிகிறது.

"லைட்டே வரலியேப்பா," என்றார் யாரோ.
"இன்னொண்ணு எடு."