முகீம்

ஹுஃபூஃபுக்குப் போகும் வழியில்
பெட்ரோல் பங்க் பள்ளிவாசல்.
குழாயைத் திறந்தால் கொதிக்கிறது;
ஆகஸ்டில் பச்சைத்தண்ணீர் என்று ஒன்று கிடையாது.
லுஹரை இரண்டாகச் சுருக்கி
அசரையும் சேர்த்தே முடித்தேன்.
முஸாஃபிருக்குச் சலுகை உண்டு.

தம்மாமில் அறைக்குத் திரும்பினால்
நான்கு.
இகாமாவில் அச்சடித்திருக்கிறதே, முகீம்,
தங்கியிருப்பவன்.
மேல்கட்டிலிலிருந்து சேகு மதார் சிரிப்பான்:
"மூணு வருசமா பெட்டியில இருந்துதான்
சட்டை எடுத்துப் போடுற.
நீ முகீமாடா?"

போன ரஜபில்
தங்கச்சி நிக்காஹுக்கு ஆறு நாள் லீவு.
ஊர்ப் பள்ளியில் ஜமாஅத் தவறி
தனியே நின்றவன்
இரண்டில் ஸலாம் கொடுத்துவிட்டேன்.
முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எழுந்து மிச்சத்தைத் தொழுதேன்.
ருகூவில் குனிந்தபோது
சட்டைப் பையிலிருந்து நழுவியது அட்டை,
எழுத்துப் பக்கம்
பாயில் கவிழ்ந்து.