அறுநூற்றுப் பத்து மீட்டர்

செம்மண்டலம் அலுவலகத்தில்
இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடுகிறது.
அதற்குக் கீழே என் மேசை.
திரையில் கடலூரை மேலிருந்து பார்த்தால்
கெடிலம் யாரோ உலர்த்தி மறந்த வேட்டி.
அதற்குத் தெற்கே, வயல் மனையானபோது
தரகர்கள் பெயர் வைத்துவிட்டுப் போன நகர்கள்.
பிள்ளைகள் பச்சைப் புள்ளிகள்.

சேர்க்கை எல்லையைத் திருத்தி வரைய வேண்டும்,
மார்ச் முடிவதற்குள்.
கையொப்பம்: மங்கையர்க்கரசி, ஆசிரியப் பயிற்றுநர்.

வடிகால் வாய்க்காலுக்கு மேற்கே ஒரு பள்ளி.
ஏழு வகுப்பறை, முப்பத்தொரு பிள்ளைகள்.
கிழக்கே ஒன்று.
மூன்று அறை, நூற்றுப் பதினெட்டுப் பேர்;
நான்காம் வகுப்பு வேப்பமரத்தடியில்.
நடுவில் அறுநூற்றுப் பத்து மீட்டர்.
அளவுச் சக்கரம் உருட்டி
போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அளந்தேன்.
கோட்டைக் கொஞ்சம் கிழக்கே தள்ளினால்
ஐம்பது பேருக்குக் கூரை கிடைக்கும்.
கணக்கு அவ்வளவுதான்.

மேற்கில் கூட்டம் போட்டோம்.
கலியமூர்த்தி மணல் லாரிகளைப் பற்றிப் பேசினார்.
வேங்கடபதி நாய்களைப் பற்றி.
பெயர் சொல்லாத ஓர் அம்மா
கழிப்பறை போதாது என்றார்.
நாலு இருக்கே என்றேன்.
தண்ணி வராது என்றார்.
பின்வரிசையில் யாரோ
“புள்ளைங்க பழக்க வழக்கம்னு ஒண்ணு...” என்று தொடங்கி
டீயை வாயில் வைத்துக்கொண்டார்.

அந்த ஒரு சொல்லை யாரும் சொல்லவில்லை.
ஒன்றரை மணி நேரமும் அது
எங்களோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது,
பிஸ்கட்கூடத் தின்றிருக்கும்.
தீர்மானப் புத்தகத்தில்
“தூரம்” என்று எழுதினேன்.
எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கிழக்கே கூட்டம் வேண்டாம் என்றுவிட்டார்கள்.
விண்ணரசி மட்டும், மீன்கூடையை இறக்காமலே கேட்டாள்:
“அங்க அனுப்பினா எம் பொண்ணுக்குக் கடைசி பெஞ்சா மேடம்?”
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
எந்தச் சுற்றறிக்கையை வைத்துச் சொல்வது?

பெருவெள்ளத்தன்று இரண்டு பக்கமும்
மேற்குப் பள்ளியில்தான் படுத்தார்களாம்.
கோப்பில் இருக்கிறது:
நபர்கள் நானூற்றுப் பன்னிரண்டு, அரிசி இத்தனை மூட்டை.
எந்தெந்த அறையில் யார் யார் என்பதற்கும்
நடுக்கதவைச் சாத்தியது யார் என்பதற்கும்
படிவத்தில் கட்டம் இல்லை.

சரி, என் வீட்டுக்கு வருகிறேன்.
என் மகனை ஏழு பத்துக்கு மஞ்சள் வேன் ஏற்றிக்கொள்ளும்.
பதினோரு கிலோமீட்டர்.
பைபாஸ், ரயில்வே கேட், அதே லாரிகள், அதே நாய்கள்.
மேற்குப் பள்ளியைக் காலி செய்தது அந்த வேன்தான்.
கலியமூர்த்தியின் பேரனுக்கு
என் மகன்தான் ஜன்னலோரம் விட்டுக்கொடுப்பான்.
என் திரையில்
அவர்கள் இருவருக்கும் புள்ளி இல்லை.

கோட்டைத் தள்ளி வரைந்து அனுப்பினேன்.
ஒன்பதாம் நாள் கோப்பு திரும்பி வந்தது,
பச்சை மையில் ஒரு வரியோடு:
தூரத்தை மறு அளவீடு செய்க.

ஞாயிற்றுக்கிழமை. மறுபடி சக்கரம்.
வேப்பமரத்திலிருந்து புறப்படும்போதே
பத்துப் பன்னிரண்டு பேர் பின்னால் வந்துவிட்டார்கள்.
ஒவ்வொரு கிளிக்குக்கும் கோரஸாக எண்ணி,
முந்நூற்றில் தப்பு விட்டு, சண்டை போட்டு,
மறுபடி நூறிலிருந்து.
கல்வெட்டுப் பாலத்தில் விண்ணரசியின் மகள்
கைப்பிடியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.
அவள் உயரத்துக்குச் சக்கரம் பெரியது,
ஆனாலும் நேராகத்தான் ஓட்டினாள்.

கேட் வந்தது. அறுநூற்றுப் பத்து.
ஒரு மீட்டர் கூடவில்லை.
பூட்டில் சக்கரத்தை இடித்து நிறுத்திவிட்டு
நிமிர்ந்து கேட்டாள்:

“உள்ளாரயும் அளக்கணுமா மிஸ்?”