அது வந்து

முதல் பதினைந்து நொடிக்குள்
பதில் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும் என்றாள் ஷுஹைதா.
செங்காங்கில், எங்கள் புளோக்குக்குக் கீழே,
சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையில்
அவள் கைப்பேசி ஸ்டாப்வாட்ச் ஆகிக் கிடந்தது.

"சின்ன வயசிலிருந்தே" வேண்டாம்.
அந்த அறையில் எல்லாருக்கும் சின்ன வயசு இருந்திருக்கிறது.
"நல்ல கேள்வி" வேண்டாம்.
கேள்விக்கு மார்க் போட நீ போகவில்லை.
தாத்தாவின் மாரடைப்பை முதல் வரியில் வைக்காதே,
உனக்கு முன்னால் போன நாலு பேருடைய தாத்தாக்களும்
அதே நாற்காலியில் இறந்திருப்பார்கள்.
முக்கியமா, இழுக்காதே.
நான் "அம்" என்றபோதெல்லாம்
ராணியின் கட்டத்தில் ஓங்கித் தட்டினாள்.
பையில் கட்டி வாங்கிய கோப்பி சரிந்து ஓடியது.

ஆங்கிலத்தில்தான் அது "அம்".
வீட்டில் "அது வந்து".
கிளாஸ் எப்படி உடைஞ்சுச்சு? அது வந்து.
கெமிஸ்ட்ரியில ஏன் பி? அது வந்தும்மா.
வந்து போயின்னு இழுக்காம சொல்லுடி என்பாள் அம்மா,
வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கிறது,
இன்னும் வந்து சேரவில்லை.
லிஃப்ட் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
பின்னால் வருபவருக்காக நிற்கிற சொல் அது.
அன்றைக்கு இப்படியெல்லாம் யோசிக்கவில்லை.
அதைத் தொலைக்கத்தான் பழகினேன்.
மூன்று வாரத்தில் தொலைத்தும் விட்டேன்.

அறை ஐந்து. எட்டு நிமிடம்.
ஒரு பேராசிரியை, ஓர் ஆண் தாதி, நடுவில் தண்ணீர்.
நீங்கள் தோற்ற ஒரு தருணத்தைச் சொல்லுங்கள்.

என்னிடம் ஒன்று தயாராக இருந்தது.
பள்ளி விவாத அணி, அரையிறுதி, கற்றுக்கொண்ட பாடம்.
ஒன்பதாவது நொடியில் தொடங்கிவிடும்.
வாயைத் திறந்தேன்.
முனீஸ்வரன் வந்தார்.

கமுதிக்காரர். துவாஸில் கப்பல் பட்டறை.
கிராஞ்சி விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில்
ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவம்.
நான் மொழிபெயர்ப்பாளர், கழுத்தில் அட்டை.
எப்போதிலிருந்து வலி என்று டாக்டர் ஓங் கேட்டார்.
நான் தமிழில் கேட்டேன்.
"அது வந்து, தங்கச்சி..."

வெளியே நாற்பது பேர் நின்றார்கள்.
படிவத்தைப் பார்த்து நானே சொன்னேன்:
இடுப்பு. இரண்டு வாரம்.

அவர் என்னைப் பார்த்தார்.
திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டார்,
வேறு மாடியில் லிஃப்ட் திறந்தால்
இறங்காமல் நின்றுகொள்பவரைப் போல.
பத்து மாத்திரை.
சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்,
பேனாவுக்குப் பக்கத்தில்.
அடுத்த ஞாயிறு வரவில்லை.
இடுப்பாகவே இருந்திருக்கலாம்.
இரண்டு வாரமாகவே இருந்திருக்கலாம்.

பதினைந்து நொடி போனது. இருபது.
செங்காங்கில் ஒரு கல்மேசை உடைந்திருக்கும்.
தாதி தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.
பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தாரா, தெரியாது,
நான் அவரைப் பார்க்கவில்லை.

பிறகு இப்படித் தொடங்கினேன்:
ஒருவர் சொல்ல வந்ததை நான் முடித்துவைத்தேன்.
அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மீதியை ஒழுங்காகச் சொல்லவில்லை.
கமுதி எங்கே இருக்கிறது என்பதிலேயே ஒரு நிமிடம் போயிற்று.
"பரிவு" என்ற சொல்லை எங்கேயும் செருக மறந்தேன்.
மணி அடித்தபோது பாதி வாக்கியத்தில் இருந்தேன்.
அதை அப்படியே தூக்கிக்கொண்டு
ஆறாவது அறைக்குப் போனேன்.

நொவீனா எம்.ஆர்.டி. நடைமேடையில் அம்மா அழைத்தாள்.
எப்படிப் பண்ணினே?

அது வந்து

அந்தப் பக்கம் குக்கர் இரண்டு முறை கூவியது.
அடுப்பை அணைக்கும் சத்தம்.
ம், என்றாள்.

ரயில் வந்தது. கதவு திறந்தது.
மூடிக்கொண்டு போனது.