எட்டும் எட்டும் எட்டு

கிருசாந்தன் கல்கரிக்குப் போனபோது
இரண்டு மாத வாடகைக்கு ஈடாகத்
தன் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி
பழைய துவாய் ஒன்றில் சுற்றி
என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.
என்னிடம் இருந்ததும் அதே கார்ட்தான்.
ஒரே கடை, ஒரே மலிவு விற்பனை,
விடியமுன் மைனஸ் பத்தொன்பதில்
வரிசையில் நின்று வாங்கியவை.

ஸ்காபரோ, மார்க்கம் வீதிக்குக் கிட்ட,
தவமலர் அன்ரி வீட்டு பேஸ்மென்ற்.
உட்பக்கமும் பனி பிடிக்கும் ஒற்றை யன்னல்.
ஒரு கார்டில் ஐம்பத்தெட்டு ஃபிரேம்.
இரண்டென்றால் நூற்றுப்பதினாறு.
கணக்கில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

பவர் சப்ளை போதாது.
ஆயிரம் வாட்டில் ஒன்று வாங்கினேன்.
பிறகு இரண்டையும் இணைக்க ஒரு பாலம்,
விரல் நீளம், முப்பத்தைந்து டொலர்.
சும்மா வந்த கார்டுக்கு
இருநூற்றெழுபது டொலர் சீதனம்.

பூட்டினேன்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு பஸ் டிக்கெட் நுழையும் இடைவெளி.
கீழது விட்ட வெக்கையை
மேலது மூச்சாக இழுத்தது.
யன்னல் பனி கரைந்து
சுவர் வழியே ஒழுகியது.

முதல் விளையாட்டில் எழுபத்தொன்று.
அடுத்ததில் அதே ஐம்பத்தெட்டு,
பக்கத்தில் இன்னொன்று இருப்பதே
அதற்குத் தெரியாது.
மூன்றாவதில் எண் தொண்ணூறு என்றது,
கண் நம்பவில்லை.
பாய்ந்து ஓடும் குதிரை
அடுப்பை அணைத்தோமா என்று
நடுவழியில் யோசிப்பவனைப் போல
ஒவ்வொரு எட்டிலும் தயங்கியது.
ஒற்றைப் படங்களை ஒன்று,
இரட்டைப் படங்களை மற்றது,
மாறி மாறித்தான் வரைகின்றனவாம்.

கிருசாந்தனும் நானும் அப்படித்தான் இருந்தோம்.
அவனுக்கு இரவில் பேக்கரி,
எனக்குப் பகலில் ஏஜாக்ஸ் கிடங்கு.
கட்டில் ஒன்றே போதுமாயிருந்தது,
தலையணை ஆறியதேயில்லை.

நினைவகத்தைப் பற்றி முன்னமே வாசித்திருக்கவேண்டும்.
எட்டு ஜிபியும் எட்டு ஜிபியும்
எட்டு ஜிபி.
அதே மலை, அதே ஆறு, அதே செங்கல் சுவர்
இரண்டிலும் தனித்தனியே ஏற்றப்படும்.
அவன் ஒரு பை உப்பு வாங்கி வருவான்,
தெரியாமல் நானும் ஒன்று வாங்குவேன்.
அலுமாரியில் இன்னும் நாலு கிடக்கிறது.

நீ அரிசி கொண்டு வா, நான் உமி கொண்டு வாறன்,
ரெண்டு பேரும் ஊதி ஊதித் தின்பம் என்பார்கள்.
இங்கே இரண்டும் அரிசிதான்.
ஊதுகிற சத்தம் மட்டும்
விடிய விடியக் கேட்டது.

சனி இரவு அன்ரி மேலே வடை சுட,
கீழே நான் நாலாவது விளையாட்டைத் திறக்க,
முழு வீடும் இருண்டது.
டோர்ச்சோடு இறங்கி வந்தா.
"ஹைட்ரோ பில் ஏன் ஏறுது எண்டு
இப்பதான் விளங்குது."
சுவிட்சைப் போட்டு, எல்லாம் எரிந்த பிறகும் போகவில்லை.
பெட்டியின் பின்புறம் கைகளை நீட்டிச்
சூடு காய்ந்துகொண்டு கேட்டா:
"ரெண்டும் வேலை செய்யுதோ?"
"ஒண்டு செய்யும், மற்றது பாத்துக்கொண்டிருக்கும்."
"இஞ்சயும் அப்பிடித்தான்" என்று
கூரையைப் பார்த்தா.
மேலே மாமா இருமினார்.

இரண்டையும் விற்றுப் புதிதாய் ஒன்று வாங்கு.
யாரைக் கேட்டாலும் இதுதான்.
சரியான பேச்சு.
நான் ஒன்றை மட்டும் விற்றேன்,
கென்னடி நிலையத்தில், பல்லுக்குக் கம்பி கட்டிய பெடியன் ஒருவனுக்கு,
தொண்ணூறு டொலருக்கு.
"இன்னொண்டு இருக்கோ? சோடியாப் போடலாம்" என்றான்.
இல்லை என்றேன்.
விற்றது அவனுடையதா என்னுடையதா,
அதுகூட நிச்சயமில்லை.

காலியான துவாரத்தை மூடும் தகட்டைத் தேடினேன்,
கிடைக்கவில்லை.
உப்புப் பையின் மட்டையை வெட்டி ஒட்டினேன்.

மாசி கடைசியில் கல்கரியிலிருந்து எடுத்தான்.
"இப்ப எவ்வளவு வருது?"
"ஐம்பத்தெட்டு."
"ரெண்டிலயுமோ?"

யன்னலில் திரும்பவும் பனி,
உட்பக்கம்.