உளுந்து, எஃப்.ஏ.கியூ.

இரவு ஒன்றுக்கு மின்சாரம் வரும், ஐந்துக்குப் போகும்.
என் வேலை நேரமும் அதுதான்.

சொர்ணலிங்கம் அண்ட் சன், பயறு ஏற்றுமதி,
மொகல் தெரு, இரண்டாம் மாடி, ரங்கூன்.
பன்னிரண்டு வருஷத்து இணையதளம்.
மூட்டை, கப்பல், கைகூப்பும் முதலாளி.
எழுத்து என்று ஒன்றுகூட இல்லை,
எல்லாம் படம்.

அப்போது பர்மிய எழுத்து
ஒரு கணினியில் எழுத்தாக இருக்கும்,
அடுத்ததில் வெறும் கட்டங்களாகிவிடும்.
விலைப்பட்டியலைக்கூடப் படமெடுத்து ஒட்டிவிட்டார்கள்.
மனுசர் படித்தார்கள், போதுமாக இருந்தது.

இப்போது தூத்துக்குடிக்காரர் கைபேசியைக் கேட்கிறார்:
பர்மா உளுந்து யாரிடம் நயமாகக் கிடைக்கும்?
இயந்திரம் பதினைந்து பெயர் சொல்கிறது.
அதில் நாங்கள் இல்லை.
முப்பது வருஷமாக அவருக்கே மூட்டை அனுப்பியவர்கள்.

படத்திலிருந்து வரிவரியாக இறக்கினேன்.
உளுந்து. துவரை. பச்சைப்பயறு.
ஈரம் இவ்வளவு, கல் இவ்வளவு,
ஒடிந்தது நூற்றுக்கு இரண்டு.
தலைப்புக்குத் தலைப்பென்று குறி,
விலைக்கு விலையென்று குறி,
இருட்டில் கிட்டங்கிக்குள் இறங்குகிறவனுக்கு
இதோ படி, இதோ படி என்பது போல.
வாசற் கோப்பில் ஒரே வரி:
எந்த நிரலும் ஊர்ந்து வரலாம், எந்த அறைக்கும் பூட்டில்லை.

வந்தன. படித்தன.
தப்பாகப் படித்தன.
எஃப்.ஏ.கியூ. என்பது எங்கள் சந்தையில் ஒரு தரம்,
சுமாருக்கு மேலே, உசத்திக்குக் கீழே.
இயந்திரமோ அதை
அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்று எடுத்துக்கொண்டு
வடைக்கு உளுந்து எத்தனை மணி நேரம் ஊறவேண்டும் என்று
எங்கள் பெயரைச் சொல்லி ஊருக்கெல்லாம் விளக்கியது.
முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார்.
"எத்தனை மணின்னு சொல்லுது?"
"நாலு."
"சரியாத்தானே சொல்லுது, விடு."

அப்புறம் பெயர்க்கட்டம்.
அவர் சொர்ணலிங்கம், அடையாள அட்டையில் ஊ சோ லின்.
மகன் நயினார், பள்ளிக்கூடத்தில் நய்ங் ஊ.
இரண்டும் ஒரே ஆள் என்று சொல்ல ஒரு குறி உண்டு.
போட்டேன்.
ஏற்றுமதி மேலாளர், வயது இருபத்தேழு, புகைப்படம், தொலைபேசி.
பிரமாதமாக இருந்தது பக்கம்.
அன்றைக்கே மூன்று நிரல்கள் வந்து வாசித்துப் போயின.

மூன்றாவது வாரம் வார்டு ஆபீசில் பட்டியல் ஒட்டினார்கள்.
பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரை.
மறுநாள் நயினார் நாற்காலியில்
மாதிரிப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன.
நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

முதலாளி என் மேசைக்கு வந்து நின்றார்,
கடன் கேட்க வந்தவர் போல.
"அவன் பக்கத்தை மட்டும் படிக்காதேன்னு
அதுங்ககிட்டச் சொல்ல முடியுமா?"
முடியும்.
ஆனால் வாசற் கோப்பை யாரும் திறந்து பார்க்கலாம்.
இந்தக் கதவைத் திறக்காதே என்று எழுதினால்
வருகிறவன் கண்ணில் முதலில் படுவது அந்தக் கதவுதான்.
ஒன்றும் எழுதவில்லை.
பக்கத்தையே அழித்தேன். படத்தை, எண்ணை, குறியை.
இரண்டு பெயரையும் சேர்த்துக் கட்டியது என் கை,
பிரித்ததும் அதே கை.
நடுவில் வந்துபோனவை
கொண்டுபோனதைத் திருப்பித் தரவில்லை.

நேற்றிரவு மின்சாரம் வந்ததும்
மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார்.
கேட்டுப் பார்த்தோம்:
சொர்ணலிங்கம் அண்ட் சன்னில் ஏற்றுமதி யார் பொறுப்பு?

யோசிக்காமல் பதில் வந்தது.
நயினார், நய்ங் ஊ என்றும் அழைக்கப்படுபவர்.
மொகல் தெரு அலுவலகத்தில், இரண்டாம் மாடியில்,
வேலை நாட்களில் ஒன்பது முதல் ஐந்து வரை
அவரை நேரில் சந்திக்கலாம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
திரும்பப் படித்தார்.
"இப்ப அவன் எங்கேன்னு இதுக்குத் தெரியுமா?"
"தெரியாது."
"நல்லது."

போகவில்லை. பொட்டலங்களைத் தள்ளிவைத்துவிட்டு
அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.
"இன்னொரு தரம் கேளு."
மணி நாலே முக்கால்.
கேட்டேன்.