கடைசி வரி

ரெட்ஃபீல்டில் முதல் உறைபனி விழுகிற வாரம்
கடையில் ஆணியைவிடத் தோட்டா அதிகம் போகும்.
மக்காச்சோளம் அறுத்தாகிவிட்டது. ஃபெசன்ட் கோழிகள்
வேலியோரக் கோரைக்குள் ஒண்டிவிட்டன.
பெயிண்ட் டப்பாக்களுக்கும் எலிப்பொறிகளுக்கும் நடுவே
கண்ணாடி மேசைக்குப் பின்னால் நான்.
வருகிறவர் எல்லோருக்கும் ஒரே கேள்வி:
ரெமிங்டனா, மாஸ்பெர்க்கா?

இருபத்திரண்டு வருடமாக ஒப்பிக்கிறேன்.
ரெமிங்டன் எட்டு எழுபது: உடல் எஃகு.
கனம், ஆனால் உதையை அந்தக் கனமே வாங்கிக்கொள்ளும்.
முன்கட்டையை இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும்.
மாஸ்பெர்க் ஐந்நூறு: உடல் அலுமினியம்.
நாளெல்லாம் நடக்கிறவருக்கு லேசு.
பூட்டு முதுகுமேல், கட்டைவிரலுக்கு நேரே;
இடக்கைக்காரருக்கும் தோது.
குறை ஒன்றுதான், முன்கட்டை சற்று ஆடும்,
கடகடக்கும்.
பிறகு குரலைத் தாழ்த்தி என் கடைசி வரி:
"எதை எடுத்தாலும் சரி. நடுராத்திரியில்
அந்தச் சரக் சரக் ஒன்று போதும்.
திருடன் பூட்ஸை விட்டுவிட்டு ஓடுவான்."
இந்த வரியால் விற்றவை நூற்றுக்கணக்கில்.
ஓடிய திருடன் ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆர்டிஸ் ட்வெட் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
ஆட்டுப் பண்ணைக்காரி. கோட்டெல்லாம் ஈரக் கம்பளி வாடை.
கொயோட்டிகள் மூன்று ஆடுகளை இழுத்துப்போய்விட்டன,
காவல் நாய் ஆகஸ்டில் செத்தது
என்று சீட்டில் எழுதி நீட்டினாள்.
ஏன் எழுதுகிறாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை.
ஆரம்பித்துவிட்டேன். என் உதட்டையே பார்த்திருந்தாள்.
கடைசி வரி வந்ததும் சிரித்தாள்,
காதைத் தொட்டாள், கையை விரித்தாள்.
"பிறந்ததிலிருந்தே" என்று எழுதினாள்.
அதன் கீழே: "நாய்தான் கேட்டுச் சொல்லும்."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்கிறார்கள்.
ஊதியவன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று
ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

இரண்டையும் கேட்டாள். குண்டு இல்லை என்று
இரண்டு முறை பார்த்துக் கொடுத்தேன்.
கையுறையைக் கழற்றினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.
ரெமிங்டனை இழுத்தாள், தள்ளினாள், மறுபடி இழுத்தாள்.
விருந்தில் உப்புக் குறைந்ததைச் சொல்லாதவள் போலத்
தலையசைத்துக் கீழே வைத்தாள்.
மாஸ்பெர்க்கை இழுத்தவள் நின்றுவிட்டாள்.
மெதுவாகத் தள்ளினாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.
"அது வாய் திறக்காமல் வேலை செய்கிறது.
இது போகும்போது ஒன்று சொல்கிறது,
வரும்போது ஒன்று. மூடிவிட்டதா என்று
இருட்டில் நான் எதைக் கேட்பேன்?"

அந்த ஆட்டத்துக்காகவே சிலர்
திருப்பித் தருகிறார்கள் என்று எழுதிக் காட்டினேன்.
என் எழுத்துப்பிழையைத் திருத்தித் திருப்பித் தந்தாள்.
கட்டைவிரலால் பூட்டைத் தள்ளிச்
சிவப்புப் புள்ளியை எனக்கே காட்டினாள்,
ஏதோ நான் அதைப் பார்த்ததே இல்லை என்பது போல.

படிவம். ஓட்டுநர் உரிமம். அரசாங்கத்துக்குத் தொலைபேசி.
காத்திருக்கச் சொல்லி எதையோ வாசித்தார்கள்.
"என்ன பாட்டு?" என்று எழுதினாள்.
"பியானோ. சகிக்கவில்லை."
உனக்கு வாய்த்தது அவ்வளவுதான் என்பதாக
என் தோளைத் தட்டினாள்.
ஒப்புதல் வந்ததும் கட்டைவிரலை உயர்த்தினேன்.

அன்று கடை சாத்திய பிறகு
காதுமூடி ஒன்றை விலைச்சீட்டோடு எடுத்து மாட்டிக்கொண்டேன்.
வாத்து சுட்டுச் சுட்டு இடது காதில் தங்கிவிட்ட
சில்வண்டு மட்டும் உள்ளே இரைந்துகொண்டிருந்தது.
இரண்டையும் மாற்றி மாற்றி இழுத்தேன்.
முதலில் ஒன்றும் இல்லை.
எட்டாவதோ ஒன்பதாவதோ முறை
உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்கமாக,
யாரோ கதவைத் தட்டிவிட்டு யோசிப்பது போல.

சனிக்கிழமை சூ ஃபால்ஸிலிருந்து ஒரு பல் மருத்துவர்.
ரெமிங்டனா, மாஸ்பெர்க்கா?
ஒப்பிக்கவில்லை. இரண்டையும் கையில் கொடுத்துக்
கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றேன்.
நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.
சுவரில் மாட்டியிருந்த இலைதழைச் சாயம் பூசிய ஒன்றைக் காட்டி
அதையே கட்டச் சொன்னார்.